கூவாமல் போன அலாரம்

கணினியில் ஓடிய சோதனை மறுபடியும் சிவப்பில் விழுந்தது. தக்சிகா கதிரையைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்து யன்னலோரம் போய் நின்றாள். கீழே இரும்புக்கடை வாசலில் லொறியிலிருந்து தகரம் இறக்கிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு தகரமும் அவளுடைய மண்டைக்குள்தான் விழுந்தது.

"திரும்பச் சிவப்போ?" என்று எதிர் மேசையிலிருந்து பிரசாந்தன் கேட்டான். அந்தச் சின்னக் கந்தோருக்கு அவன்தான் பொறுப்பு.

"ஓம்."

"எழுதின கோட்ல என்னத்தை மாத்தினனீர்?"

"ஒண்டையும் மாத்தேல்லை அண்ணா. அதே கோட்தான். கொஞ்சம் முதல் பச்சை காட்டினது. இப்ப சிவப்பு."

பிரசாந்தன் ஏதோ சொல்ல வாயெடுத்து, போன் அடித்ததால் அதை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டான்.

தக்சிகாவின் வீடு உயிலங்குளத்தில். தகப்பனும் அண்ணனும் வயல் செய்கிறார்கள். கொழும்பில் வேலை செய்து களைத்துப்போய், மன்னாரிலேயே கணினி வேலை கிடைக்கிறது என்று கேள்விப்பட்டதும் ஓடி வந்தவள் அவள். இரும்புக்கடைக்கு மேல் மாடியில் இருந்த அந்தக் கந்தோர் மீனவர்களுக்காகப் போனில் ஓடும் ஒரு அப் செய்துகொண்டிருந்தது. படகு கடலில் எங்கே நிற்கிறது என்று அது போனில் படம் போட்டுக் காட்டும். இந்தியக் கடல் எல்லைக்கோட்டை நெருங்கினால் அலாரம் கூவும். தலைமன்னாரிலிருந்து அந்தக் கோடு அதிக தூரமில்லை. வலை இழுக்கிற கவனத்தில், நீரோட்டம் படகை அங்கால் கொண்டுபோய்விட்டால் பிடிபட வேண்டியதுதான். பிறகு வழக்கு, தவணை, படகு எந்தத் துறைமுகத்தில் கிடக்கிறதென்று விசாரித்துத் திரிகிற மாதங்கள்.

அந்த அப்பை முதன்முதலாகக் கடலுக்குக் கொண்டுபோனவர் தலைமன்னார் மில்ரன். நண்டு வலை போடுகிறவர். குறை இருந்தால் முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார்.

"காலமை வடிவா வேலை செய்யுது தங்கச்சி. வெயில் ஏறினாப் பிறகு போன் இறுகிப்போய் நிண்டிடுது. அமத்தினாலும் அசையாது," என்று அவர் சொன்னதிலிருந்து ஆரம்பித்ததுதான் இவ்வளவும்.

காரணத்தைத் தக்சிகாவே கண்டுபிடித்தாள். அப்பின் நடுவில் ஒரு பகுதி இருந்தது. படகு நகரும்போதெல்லாம் மற்றப் பகுதிகளுக்கு 'இப்போது இங்கே நிற்கிறது' என்று அறிவிப்பது அதன் வேலை. அதை அவர்கள் மையம் என்று அழைத்தார்கள். மில்ரன் படத்தைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் புதிதாக ஒரு திரை உருவாகி, 'எனக்கும் சொல்லு' என்று மையத்தில் தன்னைப் பதிந்துகொள்ளும். அவர் மூடிய பிறகும் மையம் அந்தத் திரையை விடுவதில்லை. அவர் திறந்து மூடத் திறந்து மூட, யாருக்கும் வேண்டாத திரைகள் போனின் நினைவகத்தில் குவிந்தன.

அவர்கள் எழுதிய மொழியில், பயன்படாத பொருள்களை அள்ளிக்கொண்டு போவதற்கென்றே ஓர் ஏற்பாடு உண்டு. ஆனால் யாராவது பிடித்துக்கொண்டிருக்கும் பொருளை அது தொடாது. ஆகவே மையத்தின் பிடியைத் தக்சிகா தளர்த்தினாள். வீக் ரெஃபரன்ஸ் என்பார்கள். 'இந்தப் பொருள் இருக்கும்வரை எனக்கு வேண்டும். வேறு எவரும் பிடித்திருக்காவிட்டால் அள்ளிக்கொண்டு போ, நான் மறிக்கமாட்டேன்' என்கிற பிடி. ஒவ்வொரு திரையிலும் போய் 'மூடும்போது விலகிக்கொள்' என்று எழுதியிருக்கலாம்தான். நாளைக்குப் புதிதாகத் திரை எழுதுகிறவர் மறந்துபோவார். மையத்தில் மாற்றினால் எல்லாவற்றுக்கும் சேர்த்துத் தீர்ந்துவிடும் என்று நினைத்தாள். நாலைந்து வரிதான் மாறியது.

"டெஸ்ட் இல்லாமல் நான் இதைச் சேர்க்கமாட்டன்," என்று பிரசாந்தன் சொல்லிவிட்டான். "திரை உண்மையில போகுது எண்டு காட்டும்."

காட்டுவதுதான் சிக்கலாகிப் போனது.

எழுதுவதற்கு அது சின்னச் சோதனை. ஒரு திரையை உருவாக்க வேண்டும். மையத்தில் பதிய வேண்டும். பிறகு அதைக் கைவிட்டு, குப்பையை அள்ளச் சொல்லி, திரை போய்விட்டதா என்று பார்க்க வேண்டும். ஆனால் அள்ளச் சொல்லிக் கேட்கத்தான் முடியும். எப்போது அள்ளுவது, அள்ளுவதா வேண்டாமா என்பதை அந்த ஏற்பாடு தானே தீர்மானிக்கும். தக்சிகாவின் கணினியில் ஒருதரம் அள்ளியது, மறுதரம் பேசாமல் இருந்தது. கந்தோரின் பொதுச் சேர்வரில் காலையில் பச்சை, மத்தியானம் சிவப்பு.

என்ன நடக்கிறதென்று பார்க்க இடையில் ஒரு வரி எழுதினாள்: திரை இன்னும் இருக்கிறதா? இருக்கிறது என்று பதில் வந்தது. எத்தனை தரம் ஓட்டினாலும் இருக்கிறது, இருக்கிறது. அரைநாள் மண்டையை உடைத்த பிறகுதான் விளங்கியது. இருக்கிறதா என்று எடுத்துப் பார்த்த அந்த வரியே திரையைக் கையில் பிடித்து வைத்துக்கொண்டிருந்தது. அந்த வரியை அழித்தாள். அதற்குப் பிறகும் சில வேளை சிவப்பு. திரையை உருவாக்கி எந்தப் பெயரில் வைத்தாளோ அந்த மாறி, சோதனை முடியும்வரை அதை விடாமல் இருந்திருக்கிறது. உருவாக்கும் வேலையைத் தனியாக வேறொரு இடத்துக்கு மாற்றினாள். பிறகும் நம்ப முடியவில்லை. கடைசியில், அள்ளச் சொல்லிக் கேள், கொஞ்சம் பொறு, போகவில்லையென்றால் திரும்பக் கேள் என்று சுற்றிச் சுற்றிக் கேட்கும்படி எழுதினாள். பச்சை வந்தது. திரும்ப ஓட்டினாள். பச்சை. சேர்வரிலும் பச்சை.

"இதென்ன, கெஞ்சிக் கெஞ்சி அள்ள வைக்கிறீர்?" என்றான் பிரசாந்தன் அவள் எழுதியதைப் பார்த்து.

"வேற வழி இருந்தாச் சொல்லுங்கோ அண்ணா. செய்யிறன்."

திட்டத்துக்குப் பணம் கொடுக்கும் நிறுவனத்தார் மற்றப் படகுகளுக்கு எப்போது தருவீர்கள் என்று தினமும் போன் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நிறம் பச்சையாக இருக்கிறதா என்று இன்னொரு தரம் பார்த்துவிட்டு அவன் அதைச் சேர்த்தான்.

கந்தோரில் எல்லையைப் பொய்யாக மன்னார்ப் பாலத்துக்குக் குறுக்கே வைத்து, தக்சிகா போனுடன் பஸ்ஸில் போய்ப் பார்த்தாள். பாலத்தில் ஏறியதும் அலாரம் கூவியது. பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அவளுக்கு வெட்கமாகவும் சந்தோசமாகவும் இருந்தது. புதிய அப்பை மில்ரனுடைய போனில் ஏற்றிக் கொடுத்தார்கள்.

அதன் பிறகு வந்த போன் மில்ரனிடமிருந்து வரவில்லை. அவருடைய மனைவி சிசிலியா எடுத்தாள்.

"தக்சிகா எண்டுறது நீங்களோ? நான் மில்ரன்ர மனிசி. இண்டைக்கு அந்த மனுசன் எல்லைக்கு அங்கால போய் நிண்டிட்டு வந்திருக்கு. உங்கட சாமான் ஒரு சத்தமும் போடேல்லை."

"அக்கா, இப்ப அவர் எங்க?"

"வீட்டிலதான். படத்தை எடுத்துப் பாத்தவராம், படகு கோட்டுக்கு அங்கால நிண்டதாம். வலையை அறுத்து விட்டிட்டு ஓடி வந்தவர். கூவும் கூவும் எண்டு நம்பித்தானே பாக்காமல் இருந்தவர். முதல் எண்டால் ஒவ்வொரு வலைக்கும் பாப்பார்."

"போகேக்க கூவினதோ அக்கா?"

"கரையில வெளிக்கிடேக்க ஒருக்காக் கூவுமாமே, அது கூவினது. அதோட சரி."

தக்சிகா யோசிக்காமல் கேட்டுவிட்டாள். "போன் சைலண்ட்ல இருந்திருக்குமோ?"

"பிள்ளை, அவர் பிடிபட்டிருந்தா இப்ப நான் ஆரட்டப் போய் நிண்டு அழுதுகொண்டு இருப்பன்? நீங்கள் என்னட்டச் சைலண்டோ எண்டு கேக்கிறியள்." சிசிலியா போனை வைத்துவிட்டாள்.

பிரசாந்தனும் அதையேதான் கேட்டான். "சைலண்ட்ல போட்டிருப்பார். இல்லாட்டி இஞ்சின் சத்தத்தில கேட்டிருக்காது. டெஸ்ட் எல்லாம் பச்சைதானே?"

டெஸ்ட் பச்சைதான். மேசையில் கேபிளைக் கொழுவி, கடலில் போகிறதுபோலப் பொய்யான இடங்களைப் போனுக்குக் கொடுத்தால் அலாரம் ஒவ்வொரு தரமும் கூவியது. தக்சிகா கேபிள் வழியாக அலாரத்தைத் தன்னுடைய கணினியில் எடுத்து வைத்துக்கொண்டு, அது இருக்கிறது, அறிவிப்பு வருகிறது, கூவுகிறது என்று ஒவ்வொரு படியாகப் பார்த்தாள். பிழையே இல்லை. பொய்ப் படகை எல்லைக்கும் கரைக்குமாக ஓட்டி ஓட்டி அவளுக்குக் கண் எரிந்தது. பக்கத்தில் இருந்தவர்கள் அலாரச் சத்தம் தாங்காமல் அவளை வெளிவிறாந்தைக்குப் போகச் சொன்னார்கள். வெயில் நேரே அடிக்கிற விறாந்தையில் நிலத்தில் இருந்துகொண்டு திரும்பவும் ஓட்டினாள். கூவியது. கூவாமல் போனால் எவ்வளவு நன்றாயிருக்கும் என்று இருந்தது. பிழையைத் தேடிப் பிடிப்பது அவளுக்குப் பழக்கம். தேடும்போது மட்டும் இல்லாமல் போகிற பிழையோடு என்ன செய்வது?

"விடும். நான் அவரோட கதைக்கிறன்," என்றான் பிரசாந்தன்.

"என்னத்தைக் கதைக்கப் போறியள்? சைலண்டை எடுத்து விடுங்கோ எண்டோ?" அவள் பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். "நான் தலைமன்னாருக்குப் போறன்."

பஸ்ஸில் இருக்கை கிடைக்கவில்லை. பேசாலையில் கூட்டம் இறங்கும்வரை கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கோபம் யார்மேல் என்று தெரியாமல் கோபமாக இருந்தது.

மில்ரனின் வீடு இறங்குதுறைக்குப் போகும் வீதியில் இருந்தது. அவர் வாசலில் புது வலைக்கு ஈயம் கட்டிக்கொண்டிருந்தார். சிசிலியா ஒரு பிளாஸ்ரிக் கதிரையைக் கொண்டுவந்து போட்டுவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போனாள்.

"அக்கா கோவத்தில இருக்கிறா," என்றாள் தக்சிகா.

"எனக்கும் கோவம்தான் தங்கச்சி. நான் சத்தம் போடேல்லை, அவ்வளவுதான். இந்தாங்கோ போன்."

அவருடைய போனில் பொய்யான இடங்களை அமைத்தாள். கரையிலிருந்து புறப்படும் கூவல் வந்தது. பொய்ப் படகு எல்லையை நோக்கிப் போனது. அலாரம் கூவியது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"இப்ப கூவுது," என்றார் மில்ரன். அவர் குரலில் அவளுக்குப் பரிவதுபோல ஏதோ இருந்தது; அது இன்னும் எரிச்சலைக் கிளப்பியது.

திரும்பக் கரையிலிருந்து ஓட்டினாள். அப்போது கட்டாரிலிருந்து மில்ரனின் தம்பி வீடியோவில் அழைத்தான். அவர் போனை வாங்கி, தம்பியோடு கதைத்து, கட்டின வலையைக் காட்டி, தம்பி அனுப்பியிருந்த படங்களையெல்லாம் தட்டித் தட்டிப் பார்த்து, சிசிலியாவைக் கூப்பிட்டு அவளுக்கும் காட்டிவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தார். அவ்வளவு நேரமும் அப் பின்னணியில் ஓடிக்கொண்டே இருந்தது. தக்சிகா படத்தைத் திறந்தாள். பொய்ப் படகு எல்லையைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது.

சத்தமே இல்லை.

அவள் போனைக் காதோடு வைத்துப் பார்த்தாள். ஒலி முழுதாகத் திறந்திருந்தது. படகு இன்னும் அங்கால் போனது.

"அண்ணை, கடலிலயும் இப்பிடி வீடியோ பாத்தனீங்களோ?"

"வலை போட்டிட்டுக் காத்து நிக்கேக்க பாக்கிறதுதான். ஏன், பாக்கக் கூடாதோ?"

"பாக்கலாம். அதில உங்கட பிழை ஒண்டும் இல்லை."

வீடியோவும் படங்களும் நினைவகத்தை நிரப்பியிருக்கின்றன. போன் இடம் தேடிக் குப்பையை அள்ளியிருக்கிறது. அலாரத்தையும் சேர்த்து அள்ளிவிட்டது. பயணம் தொடங்கும்போது அப் ஓர் அலாரத்தை உருவாக்கி மையத்திடம் கொடுக்கும். வேறெங்கும் அதை வைத்துக்கொள்வதில்லை. முன்பு மையம் இறுக்கிப் பிடித்திருந்ததால் அது பிழைத்தது. தக்சிகா அந்தப் பிடியைத் தளர்த்திய அன்றைக்கே அலாரத்தைப் பிடிக்க ஒருவருமில்லாமல் போனது. மேசையில் கூவியதற்கும் காரணம் அவள்தான். பார்ப்பதற்காக அலாரத்தைக் கணினியில் எடுத்து வைத்திருந்தாளே, அந்தப் பிடியில் அது உயிரோடு இருந்திருக்கிறது.

போக வேண்டியது போகிறதா என்று பார்க்க அவள் அத்தனை நாள் மல்லுக்கட்டியிருக்கிறாள். இருக்க வேண்டியது இருக்கிறதா என்று ஒரு சோதனைகூட எழுதவில்லை. கேட்கவும் யாருக்கும் தோன்றவில்லை.

வாசலில் இருந்தபடியே பிரசாந்தனுக்குப் போன் எடுத்தாள்.

"அலாரத்தை நாங்கள்தான் சாகடிச்சிட்டம் அண்ணா. வீக்கா மாத்தினது நான். பாத்துச் சேர்த்தது நீங்கள்."

"நில்லும், நில்லும். டெஸ்ட் பச்சை காட்டினதுதானே?"

"அந்த டெஸ்ட் திரை போகுதோ எண்டுதான் பாத்தது! அலாரத்தை ஆர் பாத்தது? பச்சை பச்சை எண்டு நீங்களும் விட்டிட்டியள், நானும் விட்டிட்டன்."

"என்னோட ஏன் கத்திறீர்?"

"வேற ஆரோட கத்திறது?"

சொல்லிவிட்டு நிமிர்ந்தால் சிசிலியா கதவு நிலையில் சாய்ந்து நின்றாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ தெரியாது.

"அப்ப அவர்ர பிழை இல்லை," என்றாள் சிசிலியா.

"இல்லை அக்கா. என்னில பிழை. நான் அண்டைக்கு அப்பிடிக் கேட்டிருக்கக் கூடாது."

சிசிலியா அதை ஏற்றுக்கொண்டதுபோலத் தலையாட்டவில்லை. "திருத்திப்போட்டுத் திரும்பக் கொண்டு வருவியள். இவரும் பாவம் பாத்து வாங்கிக்கொண்டு போவார். அடுத்த முறை போகேக்க நீங்களும் படகில ஏறிப் போங்கோ. கோட்டடியில நிண்டு கூவுதோ எண்டு பாருங்கோ. அதுக்குப் பிறகு இவர்ர போனில போடலாம்."

"எடியேய், அந்தப் பிள்ளை கடல் பழகாதது," என்றார் மில்ரன்.

"போறன் அக்கா," என்றாள் தக்சிகா. உயிலங்குளத்துக் குளத்தில்கூட அவள் தோணியில் ஏறியதில்லை.

அடுத்த நாள் கந்தோரில் புதிய சோதனையை எழுதினாள். பயணத்தைத் தொடங்கு, குப்பையை அள்ளு, படகை எல்லைக்குக் கொண்டுபோ, அலாரம் கூவ வேண்டும். அவள் வேண்டுமென்றே ஒன்றையும் திருத்தாமல் முதலில் ஓட்டினாள். சிவப்பு. திரும்ப ஓட்டினாள். சிவப்பு. பிரசாந்தனைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவன் அவளுடைய கதிரைக்குப் பின்னால் நின்று அதை வரிவரியாக வாசித்தான்.

"இதை முதலே எழுதியிருக்கோணும்," என்றான் மெதுவாக.

"ஓம்."

"நான் கேட்டிருக்கோணும்."

திருத்தம் ஒரே வரி: பயணம் முடியும்வரை அலாரத்தை அப்பின் பயணப் பகுதியே இறுக்கிப் பிடித்துக்கொள்ளும்படி செய்தாள். சோதனை பச்சையானது. அந்தப் பச்சையைப் பார்த்து அவளுக்கு ஒரு சந்தோசமும் வரவில்லை. வரியை அழித்தால் சிவப்பாகிறதா, திரும்பப் போட்டால் பச்சையாகிறதா என்று மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

மில்ரனுடன் விடியற்காலையில் கடலுக்குப் போனாள். பைபர் படகின் நடுப்பலகையில், உயிர்காப்பு அங்கி கழுத்தை அறுக்க, இரண்டு கையாலும் விளிம்பைப் பிடித்தபடி இருந்தாள். கரை மறைந்தது. மில்ரன் நண்டு வலையை இழுத்து முடிக்கும்வரை அவள் மூன்று நான்கு தடவை படகுக்கு வெளியே எட்டிச் சத்தியெடுத்தாள். அவர் தண்ணீர்ப் போத்தலைக் காலால் அவள் பக்கம் தள்ளிவிட்டு வேலையைப் பார்த்தார்.

"இனிக் கோட்டுப் பக்கம் போவமோ? இல்லாட்டிக் கரைக்குத் திருப்பட்டோ?"

"போங்கோ அண்ணை. முதல் வீடியோவைப் பாருங்கோ."

"இஞ்ச சிக்னல் இல்லைத் தங்கச்சி."

"போனில கிடக்கிறதைப் பாருங்கோ. படங்களையும் பாருங்கோ. எல்லாத்தையும் திறவுங்கோ."

அவர் ஒரு கையால் இஞ்சினைப் பிடித்துக்கொண்டு, மறுகையால் தம்பியின் கலியாண வீடியோவை ஓடவிட்டார். நடுக்கடலில் நாதஸ்வரமும் பைலாப் பாட்டும் கலந்து கேட்டன. தக்சிகா தலையைக் கவிழ்த்தபடி வேறு சத்தத்துக்குக் காத்திருந்தாள். கூவாவிட்டால் என்ன செய்வது என்று தெரியவில்லை. கூவினாலும் இந்தத் தரம் மட்டும் கூவியிருக்கலாம் என்று அவளுக்குத் தோன்றும் என்றும் தெரிந்தது.

அலாரம் கூவியது. மில்ரன் திடுக்கிட்டு இஞ்சினைக் குறைத்தார்.

"கூவுது!"

"திருப்பிப் போட்டுத் திரும்ப வாங்கோ," என்றாள் அவள் தலையை நிமிர்த்தாமல்.

"எண்ணெய் காணாது."

"ஒருக்கா மட்டும் அண்ணை."

அவர் முணுமுணுத்துக்கொண்டு படகைக் கரைப்பக்கம் கொண்டுபோய், இன்னொரு வீடியோவைப் போட்டு, திரும்பவும் கோட்டை நோக்கி வந்தார். திரும்பவும் கூவியது. அவள் திரும்பவும் சத்தியெடுத்தாள்.

கரையில் சிசிலியா நின்றாள். தக்சிகா முழங்கால் தண்ணீரில் இறங்கித் தள்ளாடி வருவதைப் பார்த்து, வந்து கையைப் பிடித்தாள்.

"கூவினதோ?"

"ரெண்டு தரமும்."

"முகம் பேயறைஞ்ச மாதிரிக் கிடக்கு. வாங்கோ, பிளேன்ரீ தாறன்."

வாசற்படியில் இருக்கும்போது பிரசாந்தன் எடுத்தான். கூவியது என்று சொன்னதும் அவன் பெரிதாக மூச்சு விடுவது கேட்டது.

"அப்ப மற்றப் படகுகளுக்கும் குடுப்பம். நிறுவனத்துக்கு இண்டைக்கே சொல்லட்டோ?"

"இல்லை."

"ஏன்? இப்ப எல்லாம் சரிதானே?"

"அலாரம் சரி அண்ணா. மையத்தில வேற என்னென்ன இப்பிடிப் பதிஞ்சு கிடக்குதெண்டு நான் இன்னும் பாக்கேல்லை. ஒவ்வொண்டா எடுத்து, அதை ஆர் பிடிச்சிருக்கினம் எண்டு பாக்கோணும். ஒவ்வொண்டுக்கும் டெஸ்ட் எழுதோணும்."

"அவையள் காத்துக்கொண்டு இருக்கினம் தக்சிகா."

"இருக்கட்டும்."

அவன் மறுபடியும் ஏதோ தொடங்கினான். அவள் போனை அணைத்து மடியில் வைத்துவிட்டு, சிசிலியா நீட்டிய தேநீர்க் கோப்பையை வாங்கினாள். ஒரு மிடறு குடித்துவிட்டு, மையத்தில் பதிந்து கிடப்பவற்றை விரல்விட்டு எண்ணத் தொடங்கினாள்.